உயரமுக்கம் ரஞ்சினியும் குணம் அண்ணையின் அப்பிள் பூக்களும்

1

என் மனைவிக்கு ஐம்பது வயதானபோது மகள் அபி அவளுக்கு ஒரு காலநிலையைப் பரிசளித்தாள்.

ஊரில் இருக்கும் நீங்கள் இதை வாசித்துவிட்டு, குளிரில் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பீர்கள். ஆகத்தான் செய்தது, ஆனால் அது வேறு விஷயம். ஜேர்மனியின் வானத்துக்கு வந்துபோகும் காற்றழுத்தம் கூடிய ஒவ்வோர் உயரமுக்கத்துக்கும், அது குறைந்த ஒவ்வொரு தாழமுக்கத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை யாரும் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, தாங்கள் விரும்பியவருக்கு வைக்கலாம். பேர்லினில் இருக்கும் வானிலை ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். முறை வரும்போது ஒவ்வொன்றாக வானத்தில் ஏற்றுகிறார்கள். மறுநாள் தொலைக்காட்சியில் அந்தப் பெயர் நாடு முழுவதற்கும் சொல்லப்படும். முன்னொரு காலத்தில் தாழமுக்கங்களுக்கு எப்போதும் பெண் பெயர்தானாம். பெண்கள் இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். இப்போது ஓராண்டு உயரமுக்கங்கள் பெண்கள், மறு ஆண்டு ஆண்கள். வானத்தில்கூட முறைவைத்துப் பங்கு பிரிக்கும் ஒரு சமூகத்தின்மீது எனக்கு மரியாதை வராமல் என்ன செய்யும்.

நான் வேலை செய்யும் நூலகத்தில் ஒரு பெண்மணி, விவாகரத்துக் கிடைத்த கையோடு ஒரு தாழமுக்கத்துக்கு முன்னாள் கணவரின் பெயரை வைத்தாராம். அது இரண்டு நாள் ஊளையிட்டது, நாலு குடையை முறித்தது, பிறகு யாருக்கும் பிரயோசனமில்லாமல் போலந்துப் பக்கம் போய்விட்டது. "மிகவும் பொருத்தமாக இருந்தது" என்றார்.

தாழமுக்கம் மலிவு. உயரமுக்கம் நெடுநாள் நிற்பதால் விலை கூட. அபி விலை கூடியதைத்தான் வாங்கியிருந்தாள். அவள் டுசல்டோர்ஃபில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். முதலில் வாராவாரம் வந்தாள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. இப்போது வருவதற்கு முன் எங்களிடம் தெர்மின், அதாவது சந்திக்க நேரம், கேட்கிறாள், நாங்கள் என்னவோ அடுக்கடுக்காக அலுவல் வைத்திருக்கும் அதிகாரிகள் போல. அன்று கேக் வெட்டிய பிறகு, வரைபடம் அச்சிட்ட ஒரு சான்றிதழை எடுத்துத் தாயிடம் நீட்டினாள்.

"அம்மா, இது ஹோக், உயரமுக்கம். டீஃப் இல்லை. ஹோக் எண்டா வெயில். உங்கட பேரிலை வெயில் வரும்."

ரஞ்சினி அதைத் தடவிப் பார்த்தாள். இங்கே வந்த நாள் முதலாக அவள் குறைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் வெயில். புருஷனைப் பற்றிய குறைகள் தனிக் கோப்பு.

பதிவாளர் அலுவலகம் ஏற்கக்கூடிய பெயராக இருக்கவேண்டும் என்பது விதி. முப்பது வருடமாக இங்குள்ள அலுவலகங்களில் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக் களைத்தவன் நான். ரஞ்சினி ஒரே தவணையில் தேறிவிட்டாள்.

2

எங்கள் ஊரில் வானொலி "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்று சொன்னால் அப்பா கூரைத் தகரத்தில் கல் ஏற்றுவார். அம்மா விறகை உள்ளே எடுப்பார். பள்ளிக்கூடம் பூட்டும் என்ற நம்பிக்கையில் நான் கடவுளை நினைப்பேன். உயரமுக்கம் என்ற சொல்லை அந்த வானொலி சொல்லி நான் கேட்டதேயில்லை. நல்லவர்களைப் பற்றிச் செய்தியில் சொல்வதில்லையே. ஆகவே தாழமுக்கம் கெட்டது, உயரமுக்கம் நல்லது என்ற தீர்ப்போடுதான் நாங்கள் எல்லோரும் விமானம் ஏறினோம். கொண்டுவந்த பெட்டிகளில் மற்றதெல்லாம் தொலைந்துபோயிற்று. இது மட்டும் பத்திரமாக இருந்தது.

நாங்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருந்தோம். சோளகம், வாடை, கொண்டல், கச்சான். திசைக்கு ஒன்று. பாட்டன் காலத்திலும் அதே நான்கு, எனக்கும் அதே நான்கு. இவர்களோ காற்றைக் கிளப்பிவிடுகிற ஆளைக் கண்டுபிடித்து அவனுக்குப் பெயர் வைக்கிறார்கள். இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. எய்தவனையும் தெரியவேண்டும், அம்பையும் தெரியவேண்டும்.

அந்த ஏப்ரலில் ஆண் பெயர் கொண்ட தாழமுக்கங்கள் வரிசை கட்டி வந்தன. மேற்கிலிருந்து வந்து, நனைத்து, கதவை அடித்துச் சாத்திவிட்டு, கிழக்கே போயின. சைக்கிளில் வேலைக்குப் போகும் நான் ஒவ்வொரு நாளும் எதிர்காற்றிலேயே போய் எதிர்காற்றிலேயே திரும்பினேன். இது எப்படிச் சாத்தியம் என்று எந்த வானிலை நூலிலும் இல்லை. ரஞ்சினி ஒவ்வொரு மாலையும் வானிலை வரைபடத்தைத் திறந்து தன் எழுத்து எப்போது வரும் என்று பார்த்தாள்.

ஒரு சனிக்கிழமை அது வந்தது. அயர்லாந்துக்கு மேலே, வட்டத்துக்குள் வட்டமாக, நடுவில் அவளுடைய பெயர். வாசித்த அறிவிப்பாளர் "ரான்யீனி" என்றார். அதனால் என்ன. என் மனைவி குடும்ப வட்ஸ்அப் குழுக்கள் அனைத்துக்கும் அந்தப் படத்தை அனுப்பினாள். கொக்குவிலில் இருக்கும் அவளுடைய தமக்கை மட்டும், உயர் அமுக்கம் என்றால் உப்பைக் குறைக்கச் சொல்லிப் பதில் போட்டிருந்தார்.

3

ஞாயிறு காலை இந்த நற்செய்தியோடு குணம் அண்ணையிடம் போனோம்.

குணம் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். கோண்டாவிலில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். இங்கே வந்து, இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். தொழிற்சாலை மூடப்பட்டது. மற்றவர்கள் களஞ்சியசாலைக்கும் பஸ் ஓட்டவும் போனார்கள். இவரும் மனைவி சரோ அக்காவும் பீலெஃபெல்டுக்கு வெளியே, மலைக்குப் பின்னால், ஒரு அப்பிள் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு விருப்பமில்லாததால் ஒரு முதிய விவசாயி விட்டுக்கொடுத்த தோட்டம் அது. ஐம்பத்தெட்டு வயதில் அப்பிள் மரத்தோடு சகவாசமா என்று நாங்கள் சிரித்தோம். சிரித்தவர்களில் முதலாவது ஆள் நான். பிறகு அவருடைய அப்பிள்களை வெட்கமில்லாமல் பைபையாகக் கொண்டுபோனவர்களிலும் முதலாவது ஆள் நான்தான்.

சென்ற வருடம் பை நிறையவில்லை. பூக்கும் காலத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தது. தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விளைச்சலில் முக்கால்வாசி போயிற்று. இந்த வருடமும் அப்படியானால் குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொழில் அலுவலகத்தின் நடைக்கூடத்தில் இலக்கத் துண்டோடு உட்காரவேண்டியதுதான் என்று அண்ணை எங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் சாதாரணமாகச் சொல்லும்போதுதான் பயமாக இருக்கும்.

நாங்கள் போன அன்று மரங்களில் இளஞ்சிவப்பு மொட்டுகள். சில பூக்கள் வாய் திறந்திருந்தன. மேகம் தாழ்ந்து, காற்று எங்கள் சட்டைகளைப் பிடித்து உலுப்பியது. ரஞ்சினி வடைப் பெட்டியைக் கொடுத்து, தன்னுடைய பெயரில் உயரமுக்கம் வருகிறது, புதன்கிழமை நேரே எங்கள் தலைக்கு மேல் நிற்கும், இனி இந்தக் காற்றும் இல்லை மழையும் இல்லை என்று சொன்னாள்.

குணம் அண்ணை கையிலிருந்த வடையைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரஞ்சினி, நீர் கொஞ்சம் பிந்தி வர ஏலாதோ?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சரோ அக்காதான் விளக்கம் சொன்னார்.

"உந்தக் காத்தும் மப்பும் இருக்கிற மட்டும் எங்களுக்குப் பயமில்லை, பிள்ளை. மப்பு, போர்வை மாதிரி. காத்து, குளிரை ஓரிடத்திலை குந்த விடாது. காத்து நிண்டு வானம் வெளிச்சுதெண்டால், அண்டைக்கு இரவு கும்பிடத்தான் வேணும்."

என் மனைவியின் முகத்தில் ஒரு முழு வருடப் பெருமை இறங்கிப் போவதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது காரில் ஒரே ஒரு வசனம்தான் பேசினாள்.

"என்ர பேரிலை அதுகளின்ர சோத்திலை மண் விழப்போகுது."

4

அன்றிலிருந்து நான் ஒரு நிபுணன் ஆனேன். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவனுக்கு நிபுணனாவது சுலபம். அடுக்கவேண்டியதை அடுக்காமல் வாசித்தால் போதும்.

நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன, கரும்பு இடையில் இழுபட்டு வருகிறது. மேற்கே உயரமுக்கம் மணிக்கூட்டு முள் போகும் பக்கம் சுழல்கிறது. கிழக்கே, பால்டிக் கடலுக்கு மேலே நிற்கும் தாழமுக்கம் அதற்கு எதிர்ப்பக்கம் சுழல்கிறது. இடையில் வடதுருவக் காற்று கரும்பு போல இழுபட்டு நேரே எங்கள் சமையலறைக்கு வருகிறது. வசந்த காலத்தில் மேலங்கியைக் கழற்றியவன் தடிமனோடு திரும்பிவருவது இப்படித்தான். ஆனால் உறைபனி அப்போதல்ல. அந்தக் குளிர்காற்று வந்து நிரம்பிய பிறகு, மேற்கே நின்ற உயரமுக்கம் மெதுவாக நகர்ந்து எங்களுக்கு மேலே வந்து உட்காரும். காற்று அடங்கும். மேகம் விலகும். பகலில் எல்லோரும் ஐஸ்கிறீம் வாங்குவார்கள். இரவில் பூமி தன் சூட்டையெல்லாம் திறந்த வானத்துக்குக் கொடுத்துவிட்டு விறைத்துப்போகும்.

இவ்வளவு அழகான ஒரு பொறிமுறையை நான் வாழ்நாளில் கண்டதில்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டு கோப்பைகளைச் சுழற்றி இதை ரஞ்சினிக்குக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோப்பைகளை வைத்துவிட்டேன்.

ரஞ்சினி அபியைத் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அபி காப்புறுதிக்காரி. சிரிக்காமல் ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்துவிட்டுத் திரும்ப எடுத்தாள். வானத்தில் ஏறிய பெயரை இறக்க வழியில்லை. வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கவும் முடியாது. "அம்மா, பேர்தான் உங்கட. காத்து உங்கட இல்லை" என்றாள். அது சட்டப்படி சரிதான். தாயின் மனதில் சட்டம் எடுபடவில்லை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று மேகம் கேட்டாள். வெயில் கேட்டுத் தேங்காய் உடைத்த அதே பிள்ளையார்.

குணம் அண்ணையிடம் ஓர் ஆயுதம் இருந்தது. உயரமான குழாய்களின் நுனியில் சுழலும் தெளிப்பான்கள், பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் இழுக்கும் பம்பி. ஓடைத் தண்ணீரைத் தொட அனுமதி வேண்டும். அதற்கு அவர் கொடுத்த அன்ட்ராக் என்ற விண்ணப்பம் குளிர்காலம் முழுவதும் அலுவலகத்தில் தூங்கியது. மழை கொட்டும் ஏப்ரலில் உங்களுக்கு ஏன் தண்ணீர் என்று ஒருமுறை கேட்டு எழுதியிருந்தார்கள். பனிக்கு என்று இவர் பதில் எழுதினார். பிறகு சத்தமில்லை. திங்கட்கிழமை பின்னேரம் அந்தக் கோப்புக்குப் பொறுப்பான பெண்மணி தானாகவே தொலைபேசியில் அழைத்தார். தான் செர்ரித் தோட்டத்தில் பிறந்தவள் என்றும், வானிலையைப் பார்த்தேன் என்றும், கையெழுத்துப் போட்டாயிற்று, கடிதம் பின்னால் வரும், நீங்கள் தண்ணீரை எடுங்கள் என்றும் சொன்னாராம். ஜேர்மன் அலுவலகம் ஒன்று, கடிதம் வருமுன் வாயால் அனுமதி சொன்னது என்று நான் இங்குள்ள தமிழர்களுக்குச் சொன்னபோது, ஒருவரும் நம்பவில்லை. நான் கதை எழுதுகிறவன் என்று அவர்களுக்குத் தெரியும்.

செவ்வாய் மாலை காற்று நின்றது. எங்கள் மாடத்தில் கட்டியிருந்த துணி அசையவில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ரஞ்சினி மழைக்கோட்டும் றப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, தோட்டத்துக்குப் போகிறேன் என்றாள். நானும் வெளிக்கிட்டேன். தொலைபேசியில் சரோ அக்கா மறுத்துவிட்டார்.

"அவர் வேண்டாம். கதைச்சுக்கொண்டு நிப்பார். தண்ணி நிண்டாலும் அவரின்ர கதை நிக்காது."

5

விடிந்ததும் இடியப்பமும் சம்பலும், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியுமாகப் போய் இறங்கினேன்.

பள்ளத்தைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. தோட்டம் முழுவதும் கண்ணாடி. ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு இலையும், ஒவ்வொரு பூவும் விரல் தடிப்புக்குப் பனிக்கட்டிக்குள் இருந்தது. மரங்களிலிருந்து பனித் தடிகள் தொங்கின. அதற்கு மேலும் தெளிப்பான்கள் இரக்கமில்லாமல் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. கிழக்கே சூரியன் எழும்பி, அந்த அழிவு முழுவதையும் பொன்னாக்கிக் காட்டியது. மேகமில்லாத, காற்றில்லாத, அற்புதமான காலை. என் மனைவியின் காலை.

குணம் அண்ணை பம்பிக்குப் பக்கத்தில் கவிழ்த்த பெட்டியொன்றில் இருந்தார். செத்தவீட்டில் வைக்கும் முகத்தை எனக்கு நன்றாக வைக்கத் தெரியும். அதை வைத்துக்கொண்டு போய் அவருடைய கையைப் பிடித்தேன். எல்லாம் நம்முடைய கையில் இல்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ, சென்ற வருடமும் தாங்கினீர்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏன், ஆர் செத்தது?"

"அண்ணை, பூ முழுக்க ஐஸாய்க் கிடக்குதே."

"ஐஸாய்க் கிடக்கத்தானே ராமுழுக்கத் தண்ணி அடிச்சது. தேத்தண்ணியை ஊத்தும்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் அதையும் வாசித்திருந்தேன். தண்ணீர் உறையும்போது தன்னிடமிருந்த சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. அந்தச் சொற்பச் சூடு, பூவைப் பூச்சியத்துக்குக் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்கும். ஆனால் புதிது புதிதாகத் தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கவேண்டும். இடையில் நின்றால் தெளிக்காமலே விட்டதைவிட மோசம். காற்று அடித்தாலும் கெட்டுவிடும். அதாவது, நேற்று மாலை வரை காப்பாற்றிய காற்று நேற்றிரவு வந்திருந்தால் கெடுத்திருக்கும். புத்தகத்தில் கண்டதை நேரில் கண்டால் அடையாளம் தெரியாமல் போவது என்னுடைய பழைய வியாதி.

பூவைக் குளிரிலிருந்து காக்க அதைப் பனிக்கட்டிக்குள் வைத்து மூடுகிற எண்ணம் யாருக்கு முதலில் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவருடைய பெயரில் ஓர் உயரமுக்கம் வாங்குவேன். மலிவானது வாங்கமாட்டேன்.

மனைவியைத் தேடினேன். நாலாவது வரிசையில் ஒரு நீலப் பனிப்பொம்மை கையில் நீட்டுத் தடியோடு நடந்துகொண்டிருந்தது. தெளிப்பான்களின் தலை உறைந்து சுழலாமல் நின்றால் தட்டிவிடவேண்டும். இரவு முழுவதும் அதுதான் அவளுடைய வேலை. மழைக்கோட்டு நடக்கும்போது தகரம் போலச் சத்தம் போட்டது. புருவத்தில்கூட வெள்ளை. வீட்டில் ஜன்னல் திறந்தால் போர்வை கேட்கும் பெண் அவள். நான் தேத்தண்ணியை நீட்டினேன். தடியைக் கையிலிருந்து விடாமலே குடித்தாள்.

"கடைசி வரிசையிலை ரெண்டு அடைச்சுப் போச்சு. நான் காணப் பிந்திப்போச்சு" என்றாள். அவ்வளவுதான். திரும்பவும் தட்டப் போய்விட்டாள்.

ஐஸ் தானாகக் கரைந்து விழும் வரைக்கும் பம்பியை நிறுத்தவில்லை. கரைந்தபோது தோட்டம் முழுவதும் கண்ணாடிக் கடையில் மாடு புகுந்த சத்தம் கேட்டது.

6

ஆனால் பூ பிழைத்ததா என்று அன்று தெரியாது. உறைபனி பட்ட பூ வெளியே நல்ல வெள்ளையாக, சிரித்த முகமாகவே இருக்கும். உள்ளே சூல்தண்டு செத்திருக்கும். ஒரு நாள் கழித்து வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். பச்சை என்றால் உயிர். மண்ணிறம் என்றால் காய் இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் நாங்கள் இருவரும் போனோம். வெயில் முதுகில் சுட்டது. சரோ அக்கா ஒவ்வொரு வரிசையிலும் பூக்கள் பறித்து, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் பரப்பி வைத்திருந்தார். தேனீ வளர்க்கும் ஜேர்மன்காரர் தன்னுடைய பெட்டிகளைக் கொண்டுவரட்டுமா என்று காலையிலிருந்து கேட்டபடி இருந்தாராம். குணம் அண்ணை அவருக்குப் பதில் சொல்லவில்லை. காய்க்காத பூவுக்குத் தேனீ எதற்கு.

கடைசி வரிசையிலிருந்து தொடங்கினார்கள். சரோ அக்கா பூவைச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்தார். மண்ணிறம். அடுத்தது மண்ணிறம். அடுத்ததும். ரஞ்சினி அந்தப் பக்கம் பார்க்காமல் வேலிக்கு அப்பால் இருந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேசாமல் இருந்தேன். சாட்சிகள் உண்டு.

நாலாவது வரிசைப் பூவைப் பிளந்தபோது சரோ அக்கா அலகை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு மூடியை என் மனைவியின் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை, என்ர கண் சரியில்லை. நீர் பாத்துச் சொல்லும்."

அவருடைய கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரஞ்சினி குனிந்தாள்.

"பச்சை, அக்கா."

அவளே அடுத்ததைப் பிளந்தாள். பச்சை. மூன்றாவது வரிசை, இரண்டாவது, முதலாவது. இடையில் ஒரு மண்ணிறம், பிறகு திரும்பவும் பச்சை, பச்சை. அப்பிள் மரத்தில் எல்லாப் பூவும் காய்த்தால் கிளை முறியும். பத்தில் ஒன்று நின்றாலே மரத்துக்குப் போதும். இங்கே பத்தில் ஏழும் எட்டும் நின்றன. பூக்கள் தீர்ந்துபோன பிறகும் அவள் அலகைக் கையிலிருந்து வைக்கவில்லை.

குணம் அண்ணை மரங்களுக்கு நடுவே கொஞ்சத் தூரம் நடந்துபோனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிளையைப் பிடித்தபடி நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தேனீக்கள் குளிரிலும் காற்றிலும் வெளியே வரமாட்டா. அவற்றுக்கு நல்ல வெயிலும், அசையாத காற்றும் வேண்டும்.

"எத்தினை நாளைக்கு நிக்குமாம்?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

அந்த வாரம் முழுவதும் திறக்க மறுத்த வரைபடத்தை அவள் தொலைபேசியில் திறந்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"திங்கள் மட்டும் நிக்கும், அண்ணை. காத்து இல்லை. இரவிலையும் இனி அவ்வளவு குளிர் இல்லையாம்."

அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுத் தன்னுடைய தொலைபேசியை எடுத்தார். தேனீக்காரர் மறுபக்கத்தில் ஹலோ சொல்லி முடிப்பதற்குள், பெட்டிகள் எல்லாவற்றையும் இன்றைக்கே கொண்டு வாருங்கள் என்று தன்னுடைய தொழிற்சாலை ஜேர்மனில், தேவைக்கு மிஞ்சிய சத்தத்தில் சொன்னார்.